ஜிப்சியில் ஃபிளேரைக் கழற்றி மட்கார்டை வெட்டுவது: முன்பக்கம் வேறு, பின்பக்கம் வேறு

கேள்வி இதுதான்: பென்னாகரம் பக்கம் சொந்த நிலம். வைட் டிராக் (அச்சு அகலமான மாடல்) மாருதி ஜிப்சி, எம்.பி.எஃப்.ஐ. பெட்ரோல் எஞ்சின். கம்பெனி டயரான 205/70 ஆர்15-ஐ எடுத்துவிட்டு 235/75 ஆர்15 போட்டாயிற்று. வளைவு கூடிய புதுப் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) செட் போட்டு வண்டியை 2 அங்குலம் உயர்த்தி லிஃப்ட்டும் செய்தாயிற்று. அப்படியும் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முன் டயர் உரசுகிறது. வரப்பு இறங்கும்போது பின்பக்க ஃபிளேர் (சக்கர வளைவின் விளிம்பில் வெளியே நீட்டி நிற்கும் பிளாஸ்டிக் பட்டை) ஒன்று பிய்ந்துவிட்டது. நாலு ஃபிளேரையும் கழற்றிவிட்டு மட்கார்டைச் சுற்றிலும் இரண்டு அங்குலம் வெட்டி ஒரே நாளில் தருவதாக டிங்கர் சொல்கிறார். வெட்டலாமா?

ஃபிளேரைக் கழற்றலாம். முன் மட்கார்டையும் வெட்டலாம். பின்பக்கம் மட்டும் "சுற்றிலும் இரண்டு அங்குலம்" என்று யார் சொன்னாலும் கிரைண்டரை எடுக்க விடாதீர்கள். முன் மட்கார்டு போல்ட்டில் நிற்கும் ஒற்றைத் தகடு. வெட்டு கோணலாகப் போனால் வேறொரு பழைய மட்கார்டு வாங்கி மாட்டிவிடலாம். பின்பக்கத்தில் மட்கார்டு என்று தனியாக எதுவும் கிடையாது. அது வண்டியின் உடம்பு. வெளித்தகடும் உள்ளே டயரை மூடியிருக்கும் தகடும் அந்த வளைவின் விளிம்பில்தான் ஸ்பாட் வெல்டில் ஒட்டி நிற்கின்றன. அந்த விளிம்பை வெட்டி எடுத்தால் ஒட்டும் போய்விடும், இரண்டு தகட்டுக்கும் நடுவே வாய் திறந்துகொள்ளும். இந்த வேலையில் பல வண்டிகள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

வெட்டுவதற்கு முன் கணக்கு. 205/70 ஆர்15 டயரின் விட்டம் ஏறக்குறைய 668 மி.மீ. 235/75 ஆர்15-க்கு 733 மி.மீ. சொச்சம். விட்டத்தில் 65 கூடியிருப்பதால் அச்சிலிருந்து மேலே, முன்னே, பின்னே என்று எல்லாப் பக்கமும் 33 மி.மீ. கூடுகிறது. டிஃபரன்ஷியலுக்கு அடியில் உங்களுக்குக் கிடைத்த உயரமும் அதே 33 தான். அகலம் 30 மி.மீ. கூடுகிறது, ரிம் மாறவில்லையென்றால் உள்ளே 15, வெளியே 15. ஆக, வெட்ட வேண்டிய அளவு எங்குமே இந்த 33-ஐச் சுற்றித்தான் இருக்கும். இரண்டு அங்குலம் என்பது 51 மி.மீ. அவ்வளவு தேவையும் இல்லை, எல்லா இடத்திலும் தேவையும் இல்லை.

"லிஃப்ட் போட்டாச்சே, இன்னும் ஏன் உரசுது?" என்று கேட்பவர்கள் அதிகம். வண்டி சமதரையில் நிற்கும்போது டயருக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியைத்தான் லிஃப்ட் கூட்டுகிறது. பட்டை முழுக்க அமுங்கி அச்சு பம்ப் ரப்பரில் (அச்சு மேலே ஏறுவதைத் தடுக்க சேஸிஸில் இருக்கும் ரப்பர்) போய் முட்டும்போது டயர் எங்கே நிற்குமோ அந்த இடம் லிஃப்ட் போட்டாலும் மாறாது, பம்ப் ரப்பர் பழைய உயரத்திலேயே இருக்கிற வரை. வரப்பில் ஒரு பக்கம் ஏறி இறங்கும்போது ஃபிளேர் பிய்ந்தது அதனால்தான்.

முன்பக்கத்தில் லிஃப்ட் இன்னொரு வம்பையும் கூட்டி வந்திருக்கும். ஜிப்சியின் முன் பட்டைக்குப் பின்முனை நிலையான கண், முன்முனையில் ஷாக்கிள், அதாவது பட்டை நீளும்போது ஆடிக்கொடுக்கும் இணைப்பு. பட்டையின் வளைவு கூடினால் இரண்டு முனைக்கும் இடையிலான நேர்நீளம் குறையும். அச்சு நிலையான முனையை நோக்கி, அதாவது பின்னால், சில மி.மீ. நகரும். டயர் ஏற்கெனவே 33 மி.மீ. பெரிது, அதோடு அச்சும் பின்னால் போயிருக்கிறது. முழுக்க ஒடிக்கும்போது டயரின் பின்தோள் மட்கார்டின் பின் கீழ்மூலையில், கதவுக்கு முன்னால் இருக்கும் இடத்தில், தேய்கிறது. பள்ளத்தில் பட்டை அமுங்கினால் நேர் எதிர்: பட்டை நிமிர்ந்து நீளும், அச்சு முன்னால் போகும், அப்போது உரசுவது பம்பர் பக்க மூலை. பின் பட்டையில் ஷாக்கிள் பின்னால் இருக்கிறது. அமுங்கும்போது பின் அச்சு பின்னால் நகரும். ஆகவே பின் வளைவில் இடம் தேவைப்படுவது உச்சியிலும் அதற்குப் பின்னாலும்தான், கதவுப் பக்கம் அநேகமாக ஒன்றும் வேண்டாம். சுற்றிலும் ஒரே அளவு வெட்டுவது ஏன் வீண் என்பது இதிலேயே தெரிந்துவிடும். வாங்கிய வண்டியில் யாராவது ஷாக்கிளை இடம் மாற்றியிருந்தால் மட்டும் இந்தத் திசைகளை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

தகட்டில் கை வைப்பதற்கு முன் செலவு குறைந்த இரண்டு காரியம். ஒன்று, பம்ப் ரப்பருக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்து அதை 25 முதல் 35 மி.மீ. இறக்குவது. டயரின் ஆரம் 33 கூடியிருக்கிறது. ரப்பரை 33 இறக்கினால் உச்சியில் ஒரு மி.மீ.கூட வெட்ட வேண்டியதில்லை. லிஃப்ட் 50 மி.மீ. கொடுத்திருப்பதால் பட்டையின் மேல்நோக்கிய ஓட்டமும் பழையதைவிடக் குறையாது. ஷாக் அப்சார்பரும் உள்ளே முட்டி உடையாமல் தப்பிக்கும். இரண்டாவது, முன் அச்சின் நக்கிளில் (சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் முனையில்) இருக்கும் ஸ்டியரிங் ஸ்டாப் போல்ட். லாக் நட்டைத் தளர்த்தி அதை ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தால் டயர் திரும்பும் கோணம் கொஞ்சம் குறையும். வண்டி திரும்ப வட்டம் பெரிதாகும், கொண்டை ஊசி வளைவில் இன்னொரு முறை ரிவர்ஸ் எடுக்க நேரலாம். உரசல் 5 மி.மீ.க்குள் இருந்தால் இதோடு முடிந்தது. அதற்கு மேல் இருந்தால் ஸ்டாப் போல்ட்டில் தீர்க்கப் பார்க்காதீர்கள். பாதி ஒடியும் ஸ்டியரிங்கோடு கல்லுக்காட்டில் வண்டி ஓட்டுவது பெரிய தண்டனை.

ரிம் ஆஃப்செட்டையும், அதாவது சக்கரம் எவ்வளவு உள்ளே வெளியே நிற்கும் என்பதையும், இப்போதே முடிவு செய்துவிடுங்கள். ஸ்பேசர் (சக்கரத்தை வெளியே தள்ளும் இடைத்தகடு) போடும் எண்ணம் இருந்தால் வெட்டுவதற்கு முன்னால் போட்டுவிட வேண்டும். டயர் 25 மி.மீ. வெளியே போனால், ஒடிக்கும்போது அது சுழலும் வட்டமே பெரிதாகி முன் பம்பர் மூலையும் பின் கீழ்மூலையும் இன்னும் அதிகம் கேட்கும். வெட்டி, பெயிண்ட் அடித்த பிறகு ஸ்பேசர் வாங்குவது அதே வேலையை இரண்டாம் முறை செய்வதுதான்.

இனி ஃபிளேர். முதலில் வண்டியை நன்றாகக் கழுவுங்கள். ஃபிளேருக்குப் பின்னால் செம்மண் அப்பி இறுகியிருக்கும். அதோடு ஸ்பானர் போட்டால் போல்ட் தலை வழுக்கும். ஸ்க்ரூ, நட்டு எல்லாவற்றிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். டயரைக் கழற்றினால்தான் உள்பக்க நட்டுகள் கைக்கு எட்டும். அச்சுக்கு அடியில் முட்டுக் கொடுங்கள், ஜாக்கியை நம்பி உள்ளே தலையை விடாதீர்கள். பழைய வண்டிகளில் கம்பெனி ஸ்க்ரூவோடு, நடுவில் யாரோ அடித்த ரிவெட்டும் தகட்டு ஸ்க்ரூவும் கலந்து கிடக்கும். ரிவெட்டை உளியால் தட்டாதீர்கள், துளை நீண்டுவிடும். ரிவெட் தலையின் நடுவில் பஞ்ச் குத்தி 4 மி.மீ. டிரில்லில் ஆரம்பித்து, தலை உதிரும் வரை மட்டும் போங்கள். துருவில் சுற்றிக்கொண்டே இருக்கும் நட்டைக் கிரைண்டரில் வெட்டி எடுப்பதுதான் ஒரே வழி. பிளாஸ்டிக்கை இழுக்கும்போது ஒரு மூலையிலிருந்து தொடங்காமல் நடுவிலிருந்து, இரண்டு கையாலும். வெயிலில் வெளுத்த பிளாஸ்டிக் காலைக் குளிரில் சட்டென்று விரிசல் விடும். மதிய வெயிலில் கழற்றினால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

கழற்றியதைத் தூக்கி எறிய வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது.

ஃபிளேர் இருந்த இடத்தில் வரிசையாகத் துளைகளும், அதைச் சுற்றி ஒரு துருக்கோடும் தெரியும். சிலதில் தகடு சல்லடையாக இருக்கும். துருவை வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அந்தத் தகடு செத்துவிட்டது, அங்கே வெட்டுவதற்கு முன் புதுத் தகடு ஒட்ட வேண்டும். நல்ல தகடாக இருந்தால் துளையை என்ன செய்வது? வெல்ட் வைத்து அடைக்கச் சொல்வார்கள். பாடித் தகடு 1 மி.மீ.கூட இருக்காது, ஆர்க் வெல்டிங்கில் ஓட்டை பெரிதாகும், கேஸ் வெல்டிங்கில் சூடு பரவித் தகடு அலை அலையாக நெளியும். சி.ஓ.2 வெல்டிங் (வாயுவோடு மெல்லிய கம்பி ஊட்டும் மிக் வெல்டிங்) இருக்கும் பட்டறையாக இருந்தால் ஒரு புள்ளி வைத்து, ஆறவிட்டு, அடுத்த துளைக்குத் தாவி, திரும்பி வந்து வைக்கச் சொல்லுங்கள். இதைவிட எனக்குப் பிடித்த வழி ரிவெட் நட், அதாவது ரிவெட் போலத் தகட்டில் இறுகிக்கொள்ளும் நட்டு. துளையை 9 மி.மீ. ஆக்கி எம்6 ரிவெட் நட் அழுத்திவிட்டால் அந்த இடம் நிரந்தர மரையாகிவிடும். இப்போதைக்கு ரப்பர் வாஷரோடு ஒரு குட்டை போல்ட் போட்டு மூடி வைக்கலாம். வேண்டும்போது ஃபிளேரையோ ரப்பர் பட்டையையோ பத்து நிமிடத்தில் மாட்டலாம்.

ஃபிளேரைக் கழற்றியதும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பல வண்டிகளில் உரசியது ஃபிளேரின் உள் உதடு மட்டும்தான், தகடு அல்ல. அப்படியானால் வெட்டும் வேலையே இல்லை.

இன்னும் உரசினால் வெட்டுக்கோட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணால் பார்த்துக் கோடு போடுவது கூடாது. நிலத்திலேயே எதிர் எதிர் மூலையாக இரண்டு பள்ளம் எடுங்கள், 40 செ.மீ. ஆழம் போதும். இல்லையென்றால் கருங்கல் துண்டுகளை அடுக்கி மேடு கட்டுங்கள், பர்கூர் பக்கம் கழித்துப் போடும் கிரானைட் பலகைத் துண்டு இதற்கு அருமையாக உட்காரும். முன் இடமும் பின் வலமும் மேட்டில், மற்ற இரண்டும் பள்ளத்தில் நிற்கட்டும். பம்ப் ரப்பரில் அச்சு முட்டும் முகத்தில் எலுமிச்சை அளவு களிமண் உருண்டை ஒன்றை ஒட்டி வையுங்கள். வண்டியை ஏற்றி இறக்கிய பிறகு அந்த உருண்டை எத்தனை மி.மீ. தடிமனாக நசுங்கியிருக்கிறதோ, அவ்வளவு ஓட்டம் இன்னும் பாக்கி என்று அர்த்தம். 15 மி.மீ. நின்றால் உண்மையான உச்சியில் டயர் இன்னும் 15 மேலே போகும். அதைக் கோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நிலையில் ஸ்டியரிங்கை இடது கடைசி, வலது கடைசி என்று ஒடித்து, டயர் தொடும் இடம், நெருங்கும் இடம் எல்லாவற்றையும் சாக்பீஸால் குறியுங்கள். டயரின் தோளில் சாக்பீஸ் தூளைப் பூசிவிட்டால் தொட்ட இடத்தை அதுவே காட்டிக்கொடுக்கும். பிறகு சமதரையிலும் ஒருமுறை முழுக்க ஒடித்துக் குறிக்க வேண்டும். முன்னே சொன்னபடி இரண்டு நிலையிலும் உரசும் மூலை வேறு வேறு. அப்புறம் மேடு பள்ளத்தை மாற்றி எதிர்ப்பக்கம். ஜிப்சியின் இரண்டு அச்சும் ஒரே தண்டு என்பதால், மேலே ஏறும் பக்கத்து டயரின் தலை உள்நோக்கிச் சாயும். அதனால் வெளி விளிம்பை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடாமல் உள் தகட்டையும் பிரேக் ஹோஸ் போகும் வழியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஹோஸ் உரசினால் அதைத்தான் முதலில் நகர்த்திக் கட்ட வேண்டும்.

குறித்த இடத்திலிருந்து 15 முதல் 20 மி.மீ. தள்ளி வெட்டுக்கோடு. இது ஆடம்பரம் இல்லை. மழை பெய்த செம்மண் டயரில் அப்பினால் அதுவே 10 மி.மீ.க்கு மேல் தடித்துவிடும்.

கோட்டின் மேல் மாஸ்க்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் பேனாவால் வரையுங்கள். ஒரு பக்கம் வரைந்ததை அட்டையில் படியெடுத்து மறுபக்கத்துக்குத் திருப்பிப் போட்டால் இரண்டும் ஒன்றாக இருக்கும். வளைவில் கூர்மூலை கூடாது. கூர்மூலையில்தான் தகடு கிழியத் தொடங்கும். மூலை வரும் இடத்தில் 20 மி.மீ. ஆரமாவது கொடுங்கள்.

முன் மட்கார்டைக் கழற்றிக் கீழே வைத்து வெட்டுவது நல்லது. பெரும்பாலும் பத்தாம் நம்பர் ஸ்பானரில் வரும் போல்ட்டுகள்தான்: பானெட் ஓரமாக ஒரு வரிசை, கிரில் பக்கம், கதவுக்கு முன்னால் உள்ளே, கீழே ஃபுட்போர்டு ஓரம். இண்டிகேட்டர் ஒயரைப் பிடுங்க மறந்து இழுத்துவிடாதீர்கள். கழற்றி வெட்டினால் கண்ணாடி மேலும் பெயிண்ட் மேலும் தீப்பொறி படாது, வெட்டிய விளிம்பின் உள்பக்கமும் பிரைமர் அடிக்கக் கிடைக்கும். கழற்ற முடியாமல் வண்டியிலேயே வெட்ட வேண்டியிருந்தால், முன் கண்ணாடி, கதவு, பானெட் எல்லாவற்றையும் நனைத்த சாக்குப் போட்டு மூடுங்கள். தீப்பொறி கண்ணாடியில் ஒட்டினால் அந்தப் புள்ளி போகவே போகாது. பெயிண்டில் ஒட்டியது பத்து நாளில் துருப் புள்ளியாகக் கண் திறக்கும்.

4 அங்குல கிரைண்டர், 1 மி.மீ. கட்டிங் வீல், கார்டு கழற்றாமல். இது நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் கருவி. வீல் உடைந்தால் முகத்தைத்தான் தேடி வரும், கண்ணாடி போடாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். கோட்டுக்கு 20 மி.மீ. கீழே முதல் வெட்டு. மாட்டி ஓட்டிப் பார்த்த பிறகு, மடக்குவதற்கு 12 மி.மீ. மட்டும் விட்டு இரண்டாவது வெட்டு. வளைவில் வீல் சிக்கித் தாவும். அங்கே தகடு வெட்டும் கத்திரிக்கு மாறிவிடுவது மேல், இடது வளைவுக்கு ஒன்று வலது வளைவுக்கு ஒன்று என்று தனித்தனியாகவே கிடைக்கிறது.

வெட்டி முடித்ததும் பலர் விளிம்பைத் தேய்த்து, ரப்பர் பீடிங் (விளிம்பை மூடும் ரப்பர் பட்டி) சொருகிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கம்பெனி மட்கார்டின் விளிம்பு உள்ளே மடிந்திருப்பது அழகுக்காக இல்லை. அந்த மடிப்புதான் தகட்டுக்கு முதுகெலும்பு. அதை வெட்டிவிட்டால் மட்கார்டு முறம் மாதிரி ஆடும். சில மாதத்தில் போல்ட் துளையிலிருந்து விரிசல் கிளம்பும். ஆகவே இறுதிக் கோட்டுக்கு வெளியே 12 மி.மீ. விட்டே வெட்டி, அந்த 12-ஐச் சுத்தியலும் டாலியும் (பின்னால் அணைத்துப் பிடிக்கும் இரும்புக் கட்டை) வைத்து உள்ளே மடக்க வேண்டும். ஒரே அடியில் மடக்காமல் விளிம்பு முழுக்க 30 டிகிரி, பிறகு 60, பிறகு 90 என்று மூன்று சுற்று. வளைவில் தகடு நீள வேண்டியிருப்பதால் விளிம்பில் கிழியப் பார்க்கும்; 25 மி.மீ.க்கு ஒரு சிறு வெட்டு கொடுத்தால் அடங்கும். நல்ல டிங்கருக்கு இது கை வந்த வேலை. ஒரே நாளில் நாலு சக்கரமும் முடிக்கிறேன் என்பவர் இதைச் செய்யப்போவதில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது பின்பக்கம். பம்ப் ரப்பரை இறக்கிய பிறகும் எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். பெரும்பாலும் உச்சிக்குப் பின்னால் ஒரு நீளத்தில் 15, 20 மி.மீ. போதும். அவ்வளவுதான் என்றால் வெட்டவே வேண்டாம், மடக்கினால் போதும். ஸ்பாட் வெல்ட் ஒட்டு இருக்கும் விளிம்பில் 20 முதல் 25 மி.மீ.க்கு ஒரு வெட்டு, விளிம்புக்குக் குறுக்கே, ஒட்டின் முழு அகலத்துக்கு. இப்போது விளிம்பு சீப்புப் பல்லாக நிற்கும். ஒவ்வொரு பல்லையும் உள்நோக்கி மேலே மடித்து, உள் தகட்டோடு படுக்கும்வரை தட்ட வேண்டும். இரண்டு தகடும் ஒன்றாகவே மடிவதால் ஒட்டு விடாது. வெட்டின் அடிப்பக்கம் தெரியும் கீறலுக்கு ஒரு சி.ஓ.2 புள்ளி.

இதற்கு மேல் வேண்டுமென்றால்தான் வெட்டு. வெளித்தகட்டை மட்டும் முதலில் வெட்டுங்கள், உள்ளே இருப்பது தொடப்படாமல் நிற்கட்டும். மேலே போகப் போக இரண்டு தகட்டுக்கும் நடுவில் இடைவெளி விரிவதைப் பார்ப்பீர்கள். விரல் நுழையாத இடைவெளி என்றால் உள் தகட்டைக் கீற்றுக் கீற்றாக வெட்டி வெளித்தகட்டை நோக்கி மடித்து ஒட்டலாம். விரல் நுழைந்தால் 1 மி.மீ. தகட்டில் பட்டை வெட்டி, வளைத்து, நடுவில் வைத்து இரண்டு பக்கமும் வெல்ட் செய்தாக வேண்டும். 30, 40 மி.மீ.க்கு ஒரு புள்ளி என்று சுற்றி வந்து, ஆறிய பிறகு நடுவிடங்களை நிரப்பச் சொல்லுங்கள். பட்டி (பூசி நிரப்பும் பசை) போட்டு அடைத்துக் கொடுப்பதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஆடும் இடத்தில் பட்டி விரியும், அது தண்ணீரைக் குடித்து உள்ளேயே வைத்துக்கொள்ளும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்க உள்ளே தகடு தின்னப்பட்டுவிடும். இடைவெளி திறந்தே கிடந்தால் சேறும் தண்ணீரும் மட்டுமில்லை, சைலன்சர் புகையும் பின் சீட்டுக்கு வரும். கேன்வாஸ் கட்டிய வண்டியில் இது விளையாட்டல்ல.

வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் இரண்டு முனையும் கழற்ற வேண்டும், எம்.பி.எஃப்.ஐ. வண்டி என்பதால் ஈ.சி.யு. (எஞ்சினை இயக்கும் மின்னணுப் பெட்டி) சாக்கெட்டையும் பிடுங்கிவிடுங்கள். எர்த் கிளாம்ப் வெல்ட் வைக்கும் தகட்டிலேயே, பக்கத்தில். பெட்ரோல் ஊற்றும் கழுத்துக் குழாய் ஒரு பக்கப் பின் தகட்டுக்குள்தான் போகிறது. அந்தப் பக்கம் கிரைண்டரோ வெல்டிங்கோ ஓடும் முன் குழாயைக் கழற்றி வாயை அடைத்து, முடிந்தால் டேங்கையே இறக்கிவிட வேண்டும். பாதி காலியான டேங்கில்தான் ஆவி அதிகம், "பெட்ரோல் கம்மியாத்தான் இருக்கு" என்பது ஆறுதல் இல்லை. பின் விளக்கு ஒயரும் அந்த வழிதான். தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில், மணல் வாளி ஒன்று.

பெயிண்ட் விஷயம் சுருக்கமாக: வெட்டிய விளிம்பை 80 நம்பர் ஃபிளாப் வீலில் பிசிறு எடுத்து, தின்னரில் துடைத்து, அன்றைக்கே இரண்டு கலவை எபாக்ஸி பிரைமர். ரெட் ஆக்ஸைடு மட்டும் அடித்து நிறுத்தினால் ஈரம் ஊடுருவும். மறுநாள் சந்துகளில் பி.யு. சீலன்ட், அது இறுகிய பிறகு மேல் பெயிண்ட், டயர் பக்கம் அண்டர்கோட்டிங். ரப்பர் பீடிங் வேண்டுமென்றால் பெயிண்ட் ஒரு வாரம் நன்றாக இறுகிய பிறகு, உள்ளே கொஞ்சம் சீலன்ட் தடவிச் சொருகுங்கள். பெயிண்ட் இல்லாத பச்சைத் தகட்டில் சொருகிய பீடிங் தண்ணீர்த்தொட்டிதான். எல்லாம் முடிந்ததும் ஹோஸ் பைப்பைச் சக்கரத்துக்குள் பத்து நிமிடம் பிடித்து, உள்ளே கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்.

இனி, கழற்றிய ஃபிளேருக்கு வருகிறேன். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து உண்ணிப்புதர்ப் பாதையில் பிளாஸ்டிக் ஃபிளேர் முள்ளில் மாட்டிப் பிய்வது உண்மைதான். நிலத்துக்குள் ஓட்ட அது இல்லாமல் இருப்பதே சௌகரியம். (காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வண்டியை இறக்கலாம் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள், அது வனத்துறை வழக்கு.) ஆனால் தார்ச்சாலைக்கு வந்தால் கதை வேறு. வைட் டிராக்கில் அச்சு அகலமானதற்காகவே அந்த ஃபிளேர் வைக்கப்பட்டது. அது இல்லாமல் 235 டயர் உடம்பைவிட்டு வெளியே துருத்தி நிற்கும்; தொப்பூர் இறக்கத்தில் பின்னால் வரும் பைக்காரர் முகத்தில் கல்லை வீசும், உங்கள் கதவிலும் பக்கக் கண்ணாடியிலும் சேற்றை அடிக்கும். சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, ஆர்.சி.யில் உள்ள விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4), அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது தர்மபுரி ஆர்.டி.ஓ. ஆபீசில் இன்ஸ்பெக்டர் கண் முதலில் போவது துருத்திக்கொண்டிருக்கும் டயர் மேல்தான். விபத்து கிளைம் என்றால் சர்வேயரும் கேட்பார். பெரிய டயரே இந்தக் கணக்கில்தான் வரும். ஃபிளேரை மாட்டியதால் மட்டும் அது சரியாகிவிடாது. பழைய டயர் செட்டையும் விற்றுவிடாமல் வைத்திருங்கள்.

எம்6 ரிவெட் நட் போடச் சொன்னது இதற்குத்தான். வெட்டுக்கோடு ஃபிளேரின் வெளிச்சுற்றுக்குள்ளேயே அடங்கியிருந்தால், ஃபிளேரின் உள் உதட்டை 15 மி.மீ. சீவிவிட்டு அதையே திரும்ப மாட்டிக்கொள்ளலாம். வெட்டும்போதே ஃபிளேரை எதிரே பிடித்துப் பார்த்து, போல்ட் துளை வரிசையைத் தொடாமல் கோட்டை வையுங்கள். பிய்ந்துபோன ஃபிளேருக்குப் பதிலாக, லாரி மட்பிளாப் ரப்பரில் 75 மி.மீ. அகலப் பட்டை வெட்டி, வெளியே 20 மி.மீ. அலுமினியப் பட்டி வைத்து அதே துளைகளில் முறுக்கலாம். பார்க்கச் சுமாராகத்தான் இருக்கும். ஆனால் கல்லில் பட்டால் வளையும், உடையாது. கிழிந்தாலும் ஒரு அடி ரப்பரில் முடிந்துவிடும். டயருக்குப் பின்னால் நீளமான மட்பிளாப் நாலும் கட்டாயம்.

தார், ஜிம்னி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: முன் மட்கார்டு போல்ட், பின்பக்கம் உடம்பு என்பது அங்கேயும் அப்படியேதான். கூடுதலாகச் சக்கரத்துக்குள் ஏ.பி.எஸ். சென்சார் ஒயர் ஓடுகிறது, ஃபிளேர் பிளாஸ்டிக் கிளிப்பில் நிற்கிறது. கிளிப் பாதி உடையும் என்று வைத்துக்கொண்டு புதிதாக ஒரு செட் வாங்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வாரண்டி இருக்கும் வண்டியில் நான் வெட்டச் சொல்ல மாட்டேன்.

உங்கள் வண்டிக்கு வரிசை இப்படி: பம்ப் ரப்பர், ஃபிளேர் கழற்றல், பள்ளத்தில் நிறுத்திக் குறித்தல், முன் மட்கார்டு இரண்டு வெட்டில், பின்பக்கம் மடிப்பு மட்டும். டிங்கரிடம் முன்பக்கத்துக்கு ஒரு கூலி, பின்பக்கத்துக்கு ஒரு கூலி என்று தனித்தனியாகப் பேசுங்கள். பின்பக்க வேலைக்கு சி.ஓ.2 வெல்டிங் அவர் பட்டறையிலேயே இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்பீடோமீட்டர் ஏறக்குறைய 10 சதவீதம் குறைத்துக் காட்டும், முள் 60-இல் நிற்கும்போது வண்டி 66-இல் போகும். ஸ்டெப்னி இன்னும் பழைய 205 தான் என்றால் அதையும் மாற்றுங்கள். ஒரே அச்சில் இரண்டு அளவு டயரோடு 4×4 போட்டு இறுகிய தரையில் ஓட்டினால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (இரண்டு அச்சுக்கும் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) முறுக்கிக்கொண்டு லீவர் வெளியே வராது.